85% குறி ஏன் தவறுகிறது? டர்ன் பேஸ்டு போர் கேம்களைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன கோடை விடுமுறையில் சித்தி வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு பெட்ரோல் பங்க், இரவு நேரம். நான்கு வீரர்கள் ஆளுக்கொரு மறைவில் குனிந்திருக்கிறார்கள். எதிரே ஒரு காருக்குப் பின்னால் சாம்பல் நிற ஏலியன் ஒன்று. மூன்று நிமிடமாக எதுவும் அசையவில்லை. அந்தப் பக்கம் வந்த சித்தி, "என்னடா, ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டார். "இல்லம்மா, யோசிக்கிறேன்" என்றான்.

அப்புறம் ஒரு கிளிக். குண்டு படும் வாய்ப்பு 85% என்று திரை காட்டியது. வீரன் சுட்டான். குண்டு ஏலியனின் தலைக்கு மேலே போய்விட்டது. தம்பி என் பக்கம் திரும்பி, "பார்த்தியாண்ணா? எண்பத்தஞ்சு போட்டிருக்கான், மிஸ்ஸு. இது சீட்டிங்" என்றான்.

இந்த வகை கேம்களைப் பற்றிய இரண்டு பெரிய தவறான எண்ணங்களும் அந்த ஒரே அறையில் இருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காத, மந்தமான கேமாகத் தெரிகிறது. உள்ளே இருந்து ஆடுபவருக்குப் பொய் சொல்லும் கேமாகத் தெரிகிறது. இரண்டுமே சரியில்லை. எனக்கு மிகவும் பிடித்த கேம் வகை இது. அதனால் ஆரம்பத்திலிருந்து, பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். இதற்கு முன் கேமே ஆடாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

முறை வைத்து ஆடுவது

தெருவில் கிரிக்கெட் ஆடுகிறோம். பந்து வருகிறது, அரை நொடிக்குள் மட்டையைச் சுழற்ற வேண்டும். யோசிக்க நேரமில்லை, கையும் கண்ணும்தான் ஆடுகின்றன. துப்பாக்கிச் சண்டை கேம்களில் பெரும்பாலானவை இப்படித்தான்.

திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடுகிறோம். ஒரு பக்கம் மூன்று புலி, மறுபக்கம் பதினைந்து ஆடு. நான் ஆட்டை வைக்கும்வரை புலி நகராது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் வைத்து முடித்ததும் உங்கள் முறை. இப்படி மாறி மாறி வரும் ஒவ்வொரு முறையையும்தான் டர்ன் என்கிறோம். அப்படி ஆடும் கேம்களுக்கு டர்ன் பேஸ்டு கேம்கள் என்று பெயர்.

நேரம் கிடைத்துவிட்டால் சுலபமாகிவிடாதா என்று கேட்கலாம். ஆடுபுலி ஆடி, ஐந்து ஆட்டை வரிசையாகப் பறிகொடுத்தவர்களுக்கு விடை தெரியும். கிரிக்கெட்டில் அவுட் ஆனால் "பந்து சட்டென்று எகிறிவிட்டது" என்று சொல்லிக்கொள்ளலாம். ஆடுபுலியில் அப்படிச் சொல்ல வழியில்லை. எல்லாம் கண்ணெதிரே இருந்தது, நேரமும் இருந்தது, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் நானேதான். தம்பியின் அந்த மூன்று நிமிட மௌனத்தில் இருந்த பாரம் இதுதான்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். மொத்தப் போரையும் எப்படி நடத்துவது, பணத்தை எதில் போடுவது போன்ற பெரிய கணக்குக்கு ஸ்ட்ராட்டஜி என்று பெயர். இந்தத் தெருவில், இந்த நான்கு பேரை வைத்துக்கொண்டு, இந்தச் சண்டையை எப்படி முடிப்பது என்ற சின்னக் கணக்குக்கு டாக்டிக்ஸ் என்று பெயர். தம்பி ஆடிக்கொண்டிருந்தது இரண்டும் கலந்த கேம். ஆனால் மனதில் நிற்பது டாக்டிக்ஸ் பகுதிதான்.

எக்ஸ்காம் எங்கிருந்து வந்தது

அந்த கேமின் பெயர் எக்ஸ்காம்: எனிமி அன்னோன். ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கியது, 2012-இல் வந்தது. வடிவமைப்புக் குழுவின் தலைவர் ஜேக் சாலமன். இது ஒரு மறு ஆக்கம். மூலம் 1994-இல் வந்தது. இங்கிலாந்தின் ஜூலியன் கோலப், தம்பி நிக் கோலப்புடன் சேர்ந்து உருவாக்கியது. மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்டது. கோலப் அதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே சின்னக் கம்ப்யூட்டர்களில் இந்த மாதிரி ஆட்டங்களைச் செய்துவந்தவர்.

கதை எளிமையானது. பூமிக்கு ஏலியன்கள் வருகிறார்கள். அவர்களை எதிர்க்க உலக நாடுகள் சேர்ந்து ஒரு ரகசியப் படையை அமைக்கின்றன. அதன் தலைவர் நீங்கள்.

1994 கேமில் எனக்கு மறக்க முடியாத ஒரு விஷயம் உண்டு. உங்கள் டர்ன் முடிந்ததும் ஏலியன்களின் டர்ன் வரும். ஆனால் உங்கள் வீரர்களின் கண்ணில் படாத ஏலியன் நகர்வதை கேம் காட்டாது. திரையை மறைத்துவிட்டு, மறைவில் ஏதோ நகர்கிறது என்று மட்டும் சொல்லும். அந்தச் சில நொடிகளில் நீங்கள் செய்ய எதுவுமில்லை. எங்கேயோ ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்கும். டர்ன் பேஸ்டு கேமில் பயம் வராது என்பவர்கள் அந்தத் திரையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு டர்னுக்குள் என்ன நடக்கிறது

2012 கேமின் விதிகள் மிகச் சுருக்கமானவை. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு டர்னில் இரண்டு செயல்கள். நகரலாம், அப்புறம் சுடலாம். இரண்டையும் நகரவே பயன்படுத்தினால் தூரமாக ஓடலாம், ஆனால் சுட முடியாது. முதலிலேயே சுட்டுவிட்டால் பொதுவாக அந்த வீரனின் டர்ன் அதோடு முடிந்துவிடும்.

அடுத்தது கவர், அதாவது மறைவு. இடுப்பளவுச் சுவர், காரின் முன்பகுதி போன்றவை அரை மறைவு. தூண், லாரி போன்றவை முழு மறைவு. மறைவில் இருப்பவரைச் சுடுவது கடினம். எவ்வளவு கடினம் என்பதை கேம் ஒளிப்பதில்லை. அரை மறைவு உங்கள் குறியிலிருந்து 20 சதவீதத்தைக் குறைக்கும். முழு மறைவு 40 சதவீதத்தைக் குறைக்கும்.

புதிதாகப் படையில் சேர்ந்த வீரனின் குறித்திறன் 65. தூரம் போன்ற மற்றவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், வெட்டவெளியில் நிற்கும் ஏலியன் மீது 65%, அரை மறைவில் இருந்தால் 45%, முழு மறைவில் இருந்தால் 25%.

மறைவு ஒரு பக்கம்தான் காக்கும். காருக்குப் பின்னால் குனிந்திருப்பவரைச் சுற்றிப்போய்ப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அவர் வெட்டவெளியில் இருப்பது போலத்தான். இதற்கு ஃப்ளாங்கிங் என்று பெயர். கேமின் பாதி ஜீவன் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இன்னொன்று ஓவர்வாட்ச். இப்போது சுடாமல், துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பது. ஏலியன்களின் டர்னில் யாராவது கண்ணெதிரே நகர்ந்தால் அப்போது சுடுவான். குறி கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் நீங்கள் சும்மா இருக்கும் நேரத்திலும் ஒரு காவல் கிடைக்கும்.

சரி, இப்போது தம்பி பார்த்துக்கொண்டிருந்தது போன்ற ஒரு கட்டத்துக்கே போவோம். நான்கு புதிய வீரர்கள். அரை மறைவில் ஒரு செக்டாய்டு. பெரிய தலையும் குச்சிக் கைகளுமாக இருக்கும், கேமின் முதல் ஏலியன் அதுதான். அதன் உயிர் 3 புள்ளி. உங்கள் துப்பாக்கிக் குண்டு பட்டால் 2 முதல் 4 புள்ளி குறையும்.

வழி ஒன்று: இருக்கும் இடத்திலிருந்தே நான்கு பேரும் சுடலாம். ஒவ்வொன்றும் 45%. ஒன்றாவது படுவதற்கு ஏறத்தாழ 91% வாய்ப்பு. ஆனால் பட்ட ஒன்று 2 புள்ளி மட்டும் குறைத்தால் செக்டாய்டு உயிரோடு இருக்கும். நான்கு பேரின் டர்னும் தீர்ந்திருக்கும்.

வழி இரண்டு: ஒருவன் கிரனேடு வீசலாம். கிரனேடு தவறாது, சரியாக 3 புள்ளி குறைக்கும், கதை முடிந்தது. ஆனால் இந்த நிலையில் ஒரு வீரனிடம் ஒரு கிரனேடுதான் இருக்கும். வெடித்துச் செத்த ஏலியனிடமிருந்து ஆயுதத் துண்டுகளும் கிடைக்காது. அந்தத் துண்டுகள் இருந்தால்தான் பின்னால் நல்ல ஆயுதம் செய்ய முடியும்.

வழி மூன்று: ஒருவன் ஓடிப்போய் ஃப்ளாங்க் செய்யலாம். குறி 45-இலிருந்து 65-க்கு ஏறும், கிட்டே போனால் இன்னும் ஏறும், சேதமும் கூடுதலாக விழ வாய்ப்புண்டு. ஆனால் அவன் ஓடிப்போகும் மூலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. இன்னும் மூன்று ஏலியன்கள் அங்கே நின்றுகொண்டிருக்கலாம். அவன் தலையைப் பார்த்ததும் அவை விழித்துக்கொள்ளும்.

ஒரே ஒரு சின்ன ஏலியன். மூன்று வழி. எதுவும் முட்டாள்தனமில்லை, எதுவும் இலவசமுமில்லை. சித்திக்கு ஹேங் ஆனது போலத் தெரிந்த நேரத்தில் தம்பியின் தலைக்குள் இத்தனையும் ஓடிக்கொண்டிருந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உங்கள் முறை வரும்போது நேரம் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டே செயல். மறைவு குறியைக் குறைக்கிறது, சுற்றிப்போனால் அந்த மறைவு பயனற்றுப் போகிறது. விதிகள் இவ்வளவுதான், அவை ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் ஆட்டம் பிறக்கிறது.

85% என்றால் என்ன

இப்போது தம்பியின் புகாருக்கு வருவோம்.

உங்கள் ஊருக்கு ஒரு பஸ் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் சரியான நேரத்துக்கு வரும், ஏதோ ஒரு நாள் வராது. எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. நல்ல பஸ்தான், யாரும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நாளைக்கு உங்களுக்கு வேலைக்கான நேர்காணல். அந்த பஸ்ஸை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பீர்களா? அதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடிப்பீர்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டு அண்ணனிடம் பைக்குக்குச் சொல்லி வைப்பீர்கள்.

ஏழில் ஆறு என்பது ஏறத்தாழ 86%. அதாவது 85% குறி என்பது அந்த பஸ். பஸ் விஷயத்தில் நமக்கு இயல்பாகத் தெரிகிற உண்மை, திரையில் எண்ணாகப் பார்க்கும்போது மறந்துபோகிறது. 85 என்ற எண்ணைப் பார்த்ததும் மனசு அதை "கண்டிப்பாக" என்று படித்துவிடுகிறது. பரீட்சையில் 85 வாங்கினால் நல்ல மார்க் அல்லவா, அந்தப் பழக்கம்தான்.

ஒரு மிஷனில் 85% குறியில் 20 முறை சுடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக மூன்று தவறும். இருபதும் படுவதற்கு வாய்ப்பு வெறும் 4%. ஆக ஒரு குறியும் தவறாத மிஷன்தான் அபூர்வம். அடுத்தடுத்து இரண்டு தவறுவது ஏறத்தாழ 44-க்கு ஒன்று. ஐம்பது மணி நேரம் ஆடுகிறவருக்கு அது பலமுறை நடக்கும். அந்த முறைகளெல்லாம் நினைவில் நிற்கும். பட்ட பதினேழும் மனதில் பதியாது, ஏனென்றால் அவை "நடக்க வேண்டியவை".

இன்னொரு பொதுவான பிழை, "இப்போதுதானே தவறியது, அடுத்தது கட்டாயம் படும்" என்பது. நேர்மையான பகடைக்கு நினைவாற்றல் கிடையாது. அடுத்ததும் அதே 85%தான்.

பகடை உள்ளே எப்படி உருள்கிறது

உள்ளே நடப்பது மிக எளிது. நீங்கள் சுடு என்றதும் கம்ப்யூட்டர் 1 முதல் 100 வரை ஓர் எண்ணை எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 அல்லது அதற்குக் கீழே என்றால் பட்டது. மேலே என்றால் தவறியது. இது முடிந்த பிறகுதான் அதற்கேற்ற காட்சி ஓடுகிறது.

இதனால்தான் அந்தக் கோபமூட்டும் காட்சி வருகிறது. வீரன் ஏலியனின் பக்கத்திலேயே நிற்கிறான், துப்பாக்கி முனை அதன் நெஞ்சைத் தொடுகிறது, ஆனாலும் குண்டு பக்கத்தில் போகிறது. கண்ணுக்கு இது அபத்தம். எண்தான் முடிவைச் சொல்லியது, படம் அதன் பின்னால் வந்தது. கதைப்படி எல்லோரும் ஓடிக்கொண்டும் குனிந்துகொண்டும் இருக்கிறார்கள். நாம் பார்ப்பது நிறுத்திவைத்த ஒரு கணம். வடிவமைப்பாளர்கள் இந்தக் காட்சிகளில் இன்னும் கவனம் செலுத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். கேம் ஏமாற்றுகிறது என்ற புகாரில் பாதி இந்தப் படங்களால் வந்தது.

மீதிப் பாதி, சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி சுடுபவர்களிடமிருந்து வருகிறது. 2012 கேமில் குறி தவறிய பிறகு லோட் செய்து அதே வீரனால் அதே குறியைச் சுட்டால் மறுபடியும் தவறும். பத்து முறை செய்தாலும் தவறும். "பார், முன்பே முடிவு செய்துவிட்டார்கள்!" என்று தோன்றும்.

நடப்பது வேறு. கம்ப்யூட்டருக்கு உண்மையில் பகடை உருட்டத் தெரியாது. ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டு, தாறுமாறாகத் தோன்றும் ஒரு நீண்ட எண் வரிசையை உண்டாக்கும். அந்தத் தொடக்க எண்ணுக்கு சீடு என்று பெயர், விதை என்றே பொருள். ஒரே விதையிலிருந்து எப்போதும் ஒரே வரிசைதான் வரும். எக்ஸ்காம் நீங்கள் சேவ் செய்யும்போது அந்த விதையையும் சேர்த்துச் சேமிக்கிறது. லோட் செய்தால் வரிசையில் அடுத்த எண் அதேதான். ஒருவர் சீட்டுக்கட்டைக் கலைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டார், நீங்கள் மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறீர்கள். அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தாலும் மேல் சீட்டு அதே சீட்டுதான். கலைத்ததில் சூது இல்லை. வேறொரு வீரனை முதலில் சுடவைத்தால் அந்தச் சீட்டு அவனுக்குப் போகும், அவ்வளவுதான்.

உண்மையிலேயே கணக்கை வளைக்கும் கேம்களும் உண்டு. ஆனால் வளைவது பெரும்பாலும் ஆடுபவருக்குச் சாதகமாகத்தான். 2016-இல் வந்த எக்ஸ்காம் 2, எளிய நிலைகளில், உங்கள் குறி தொடர்ந்து தவறினால் அடுத்த குறியின் வாய்ப்பைச் சத்தமில்லாமல் கூட்டிவிடும். ஜப்பானின் ஃபயர் எம்ப்ளம் வரிசையில் 2002-இல் வந்த கேம், ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்த்தது. இதன் விளைவாக, திரையில் 90% என்று காட்டினால் உண்மையான வாய்ப்பு ஏறத்தாழ 98%. ஏன் இப்படி? 90 என்ற எண்ணை மனிதர்கள் 98 போலத்தான் உணர்கிறார்கள் என்பதால். நம் உணர்வுக்கு ஏற்றபடி எண்ணை வளைத்தால் கேம் நேர்மையாகத் தோன்றுகிறது, வளைக்காவிட்டால் சீட்டிங் போலத் தோன்றுகிறது. எனக்கு இந்தச் செய்தி முதலில் தெரிந்தபோது நெடுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆக, 85% என்பது வாரத்தில் ஒரு நாள் வராத பஸ். எண் முதலில், படம் அப்புறம். லோட் செய்தாலும் மாறாததற்குக் காரணம் விதை.

முன்னால் வரும் அதிர்ஷ்டம், பின்னால் வரும் அதிர்ஷ்டம்

அதிர்ஷ்டம் இருந்தால் அது மூளை ஆட்டமா, லாட்டரியா என்று சிலர் கேட்பார்கள். அதிர்ஷ்டம் இரண்டு வகை. இந்த வேறுபாடு புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தாயம் ஆடும்போது முதலில் கட்டை உருள்கிறது. ஐந்து விழுந்தது. அதற்கப்புறம்தான் எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா பழம் ஏற்றுவதா என்று யோசிக்கிறோம். இங்கே அதிர்ஷ்டம் முன்னால் வருகிறது, முடிவு அதற்குப் பின்னால். ரம்மியில் சீட்டு போடுவதும் இப்படித்தான்.

கிரிக்கெட்டில் ஃபீல்டர் பந்தை எடுத்துவிட்டார். கீப்பரிடம் பத்திரமாக எறியலாம், அல்லது நேராக ஸ்டம்பைக் குறிவைத்து எறியலாம். நேராக எறிவது என்று முடிவெடுத்துவிட்டார், பந்து கையை விட்டுப் போய்விட்டது. பட்டால் ரன் அவுட், தவறினால் ஓவர்த்ரோவில் இன்னும் ஒரு ரன். இங்கே முடிவு முன்னால், அதிர்ஷ்டம் பின்னால்.

எக்ஸ்காம் இரண்டாவது வகை. அதனால்தான் அதில் கேட்கப்படும் கேள்வி "எது சிறந்த குறி?" என்பதோடு நிற்பதில்லை. "இது தவறினால் என் நிலை என்ன?" என்பதுதான் பெரிய கேள்வி. நன்றாக ஆடுபவர்கள் 85% குறியைச் சுடும் முன்பே, தவறினால் ஈடுகட்ட இன்னொருவனைக் கிரனேடோடு நிறுத்தி வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டு அண்ணனின் பைக்.

முதல் வகைக்குச் சிறந்த உதாரணம் இன்டு தி பிரீச். இரண்டே பேர் நடத்தும் சப்செட் கேம்ஸ் என்ற நிறுவனம், ஜஸ்டின் மாவும் மேத்யூ டேவிஸும், 2018-இல் வெளியிட்டது. எட்டுக்கு எட்டு கட்டம், சதுரங்கப் பலகை அளவு. உங்களிடம் மூன்று ராட்சத இயந்திர மனிதர்கள். பூமிக்கு அடியிலிருந்து வெக் என்ற பெரிய பூச்சிகள் கிளம்பி வருகின்றன. மனிதர்கள் வாழும் கட்டிடங்களை நீங்கள் காக்க வேண்டும்.

இதன் அழகு என்னவென்றால், உங்கள் டர்ன் தொடங்கும்போதே ஒவ்வொரு பூச்சியும் அடுத்து எங்கே தாக்கப்போகிறது என்பது பலகையில் தெரியும். புதிய பூச்சி எந்தக் கட்டத்திலிருந்து கிளம்பும் என்பதும் தெரியும். நீங்கள் சுட்டால் தவறாது. ஒளிவுமறைவு கிடையாது.

ஒரு டர்னைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு பூச்சி தன் வலப்பக்கக் கட்டிடத்தைத் தாக்கத் தயாராக நிற்கிறது. அதைக் கொல்லும் அளவுக்கு உங்களிடம் பலமில்லை. ஆனால் உங்கள் அடிகள் எதிரியை ஒரு கட்டம் தள்ளும். அதை ஒரு கட்டம் மேலே தள்ளினால், அது அப்போதும் வலப்பக்கம்தான் தாக்கும், ஆனால் இப்போது அந்த இடத்தில் கட்டிடம் இல்லை. அங்கே இன்னொரு பூச்சி நின்றால்? அதை இது அடிக்கும். யாரையும் கொல்லாமலே, ஒரே தள்ளில் கட்டிடமும் பிழைத்தது, எதிரிக்கும் சேதம். இதைக் கண்டுபிடிக்கும் அந்த நொடியில் வரும் சந்தோஷம், கணக்கில் விடை சட்டென்று விழும்போது வருமே, அதேதான்.

என் தனிப்பட்ட கருத்து: புதிதாக வருபவர் இன்டு தி பிரீச்சில் தொடங்குவது நல்லது. தோற்றால் காரணம் பலகையிலேயே தெரியும். எக்ஸ்காம் அதற்கப்புறம்.

ஏன் விஞ்ஞானப் புனைவு?

ராஜா ராணிக் காலத்துச் சண்டையிலும் இதையெல்லாம் செய்யலாமே, ஏலியன் எதற்கு? கதை அலங்காரம் மட்டும்தானா? அப்படி இல்லை.

வாளும் குதிரையும் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏலியன் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. எக்ஸ்காமில் முதன்முதலில் கிரிசலிட் என்ற ஜந்துவைப் பார்க்கும்போது அது கூரிய கால்களோடு வேகமாக ஓடிவரும் ஒரு பூச்சி என்று மட்டும் தெரியும். அது கொன்ற மனிதர் பிணமாக எழுந்து நடந்து, பிறகு அந்த உடலிலிருந்தே இன்னொரு கிரிசலிட் வெளியே வரும் என்பது அனுபவத்தில்தான் தெரியவரும். செத்த ஏலியனைத் தளத்துக்குக் கொண்டுவந்து அறுத்துப் பார்த்து ஆராய்ச்சி செய்யும் பகுதி கேமில் இருப்பதன் காரணமும் இதுதான். அறியாமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே ஆட்டத்தின் ஒரு பகுதி. கேமின் பெயரிலேயே அறியாத எதிரி என்று இருக்கிறது.

இன்டு தி பிரீச்சில் உங்கள் வீரர்கள் எதிர்காலத்திலிருந்து வந்தவர்கள். ஒரு சண்டையில் ஒருமுறை, முழு டர்னையும் அழித்துவிட்டு மறுபடி ஆடலாம். தோற்றுப்போனால், ஒரு பைலட்டை மட்டும் வேறொரு காலக்கோட்டுக்கு அனுப்பிப் புதிதாகத் தொடங்கலாம். வேறு கதையில் இது வெறும் சலுகையாக இருந்திருக்கும். இங்கே அதுவே கதை.

பெயர் வைத்த வீரன்

விதிகளையும் கணக்கையும் சொல்லிவிட்டேன். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்று உட்கார வைப்பது கணக்கு மட்டுமில்லை.

எக்ஸ்காமில் செத்த வீரன் திரும்ப வரமாட்டான். பத்து மிஷன் போய்வந்து, குறித்திறன் ஏறி, நீங்கள் பார்த்துப் பார்த்துப் பயிற்சி கொடுத்த ஸ்னைப்பர் ஒரு மோசமான டர்னில் போய்விட்டால் அவ்வளவுதான். தளத்தில் ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. இறந்தவர்களின் பெயர், எத்தனை மிஷன், எத்தனை எதிரிகள் என்று அதில் பதிவாகியிருக்கும்.

வீரர்களுக்கு நாம் விரும்பிய பெயரை வைக்கலாம். தம்பி தன் கல்லூரி நண்பர்களின் பெயர்களை வைத்திருந்தான். ஒருவன் செத்தால் அன்றைக்கே அந்த நண்பனுக்கு போன் போகும். "டேய், உன்னைக் காப்பாத்த முடியலடா." சிரித்துக்கொண்டுதான் சொல்வான், ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் உண்மையான வருத்தமும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கதையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. விதிகளும் பகடையும் தம்பியின் முடிவுகளும் சேர்ந்து உண்டாக்கியது. சினிமாவில் வரும் சாவை நாம் பார்க்கிறோம். இங்கே அந்த மூலைக்கு அவனை ஓடச் சொன்னது நாமே.

மேல்மட்டத்து ஸ்ட்ராட்டஜியும் இதே பாரத்தைத் தருகிறது. ஏலியன்கள் ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் ஆட்களைக் கடத்துவார்கள். உங்கள் படை ஓரிடத்துக்குத்தான் போக முடியும். மற்ற இரண்டு நாடுகளில் பீதி ஏறும். பீதி முற்றினால் அந்த நாடு கூட்டணியை விட்டு விலகும். மொத்தம் பதினாறு நாடுகள், இந்தியாவும் அதில் உண்டு. எட்டு விலகினால் ஆட்டம் முடிந்தது. ஒருமுறை நிதி தேவைப்பட்டதால் இந்தியாவைக் கைவிட்டு வேறொரு நாட்டைத் தேர்ந்தெடுத்தேன். வெறும் வரைபடத்தில் ஒரு நிறம் மாறியதுதான், ஆனாலும் மனசு சுருக்கென்றது.

முதல் முறை ஆடும்போது

ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், என் ஆட்டத்தை அதிகம் மாற்றியது அதுதான்.

எக்ஸ்காமில் ஏலியன்கள் சின்னச் சின்னக் கூட்டமாக இருக்கும். ஒரு கூட்டம் உங்கள் கண்ணில் பட்டதும், உங்கள் டர்னாக இருந்தாலும், அவை சிதறி ஓடி மறைவில் பதுங்கிக்கொள்ளும். அதற்கப்புறம் அவற்றின் முழு டர்ன் வேறு. இப்போது யோசித்துப் பாருங்கள். நான்கு பேரில் மூன்று பேர் சுட்டு முடித்துவிட்டார்கள். நான்காமவனை "சும்மா கொஞ்சம் முன்னால் போகட்டும்" என்று இருட்டுக்குள் அனுப்புகிறீர்கள். அங்கே ஒரு கூட்டம் விழித்துக்கொள்கிறது. பதில் சொல்ல உங்களிடம் ஒருவரும் மிச்சமில்லை.

அதனால் தெரியாத இடத்துக்குப் போக வேண்டுமென்றால் முதல் ஆளைக் கொண்டு போங்கள், மற்ற மூவரின் டர்னும் கையில் இருக்கும்போதே. கடைசி ஆள், ஏற்கெனவே பார்த்த தரையில்தான் கால் வைக்க வேண்டும். முடிந்தால் ஓவர்வாட்சில்.

மறுநாள் காலை தம்பிக்கு இதைச் சொன்னேன். அதே பெட்ரோல் பங்க் மிஷனை முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்த முறை முதல் டர்னிலேயே ஒரு வீரனை மெதுவாக இடது மூலைக்கு நகர்த்திவிட்டு, மற்ற மூவரையும் தொடாமல், கன்னத்தில் கை வைத்துத் திரையைப் பார்க்க ஆரம்பித்தான். சித்தி காபி கொண்டுவந்து மேசையில் வைத்தார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை.